கோலத்தின் மேல் நின்ற கார்

வெள்ளிக்கிழமை காலை லோகேஸ்வரியின் பழைய கார்க் கண்ணாடியில் ஒரு சுராட், எச்சரிக்கைக் கடிதம், ஒட்டியிருந்தது. எண்ணெய் ஒழுகிக் கார் நிறுத்தும் இடமே நாறுகிறதாம். ஞாயிறு நாலு மணிக்குள் சரி பண்ணாவிட்டால் லாரி வந்து இழுத்துக்கொண்டு போகுமாம். கீழே, அவள் குடியிருக்கும் சுங்கை பினாங் அடுக்குமாடி ப்ளாட்டின் கமிட்டித் தலைவர் சந்திரசேகரனின் கையெழுத்து, பாதித் தாளை அடைத்துக்கொண்டு.

கார் போனால் அவள் பிழைப்பும் போச்சு. விடியலில் பினாங்கு லிட்டில் இந்தியாவின் ஏழு சாப்பாட்டுக் கடைகளுக்குத் தோசை மாவு வாளிகள் அதில்தான் போகும். மாவு புளிக்கிற வேகத்துக்கு பஸ் வருமா?

ஏற்கெனவே ரெண்டு வொர்க்‌ஷாப் பார்த்தாச்சு. ரெண்டிலும் சிவப்பு சிலிக்கான் பசையை அப்பி அனுப்பினார்கள். ரெண்டாவது ஆள் சொன்னான்: "இன்ஜின் முடிஞ்சிருச்சுக்கா. இரும்புக் கடைக்குக் குடுத்துருங்க லா." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"முதல்ல உன் வாயைக் குடு இரும்புக் கடைக்கு," என்றுவிட்டு வந்தவள் அவள். இந்த சுராட்டுக்கா பயப்படுவாள்?

அன்றைக்கே இன்ஜினைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தாள். காய்ந்ததும் அரிசி மாவைத் துணியில் கட்டி அதன் மேல் தட்டினாள். எண்ணெய் எங்கே கசிகிறதோ அங்கே மாவு நனைந்து காட்டிக் கொடுக்கும். ஜெலுத்தோங் வரைக்கும் ஒரு சுற்று ஓட்டினாள். மாவு வறுபடும் வாசனை வந்தது. திரும்பி வந்து டார்ச் அடித்தால், இன்ஜினின் மேல்மூடி ஓரத்திலிருந்து பழுப்பாய் ஒரு கோடு பின்பக்கமாகக் கீழே இறங்கியிருந்தது. கெட்டது இன்ஜின் இல்லை, மூடிக்கு அடியில் எண்ணெயை அடைத்து நிற்கிற ரப்பர் கேஸ்கெட். பாவிகள், அதை மாற்றாமல் பசையைத் தடவியிருக்கிறார்கள்.

சூலியா தெருவுக்குப் பின்னால் பார்ட்ஸ் கடை வைத்திருந்த நூர் முகம்மது கேட்டார், "யாரு மாட்டுறது?"

"நான்தான்."

"அப்ப ரெண்டா எடுத்துக்குங்கக்கா."

ரோஷத்தில் ஒன்றுதான் வாங்கினாள்.

சனிக்கிழமை மூடியைக் கழற்றினாள். பழைய கேஸ்கெட் முறுக்கு மாதிரி ஒடிந்தது. பசையை எல்லாம் சுரண்டி, புதியதைப் பதித்து, போல்ட்டுகளை முறுக்கினாள். மாவு வாளி மூடியை இறுக்குகிற கை அது, சும்மா விடுமா? இருக்கிற பலத்தையெல்லாம் போட்டாள். கேஸ்கெட் பிதுங்கி வெளியே வந்தது. எண்ணெய் மறுபடியும் வழிந்தது. தன் கையை நினைத்து அவளுக்கே அழுகை முட்டியது.

பார்த்துக்கொண்டே வந்த சந்திரசேகரன் சிரித்தார். "பொம்பளை கை வெச்சா இப்படித்தாம்மா. லாரிக்குச் சொல்லியாச்சு."

"வரட்டும் அண்ணே. கொஞ்சம் நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

அவள் மறுபடி பார்ட்ஸ் கடைக்குப் போனாள். நூர் முகம்மது எடுத்து வைத்திருந்த ரெண்டாவது கேஸ்கெட்டை நீட்டினார்.

இந்தத் தடவை அவள் வாளி மூடியை மறந்தாள். மாவுப் பதம் பார்க்கிற விரலால் முறுக்கினாள்: நடு போல்ட்டில் கொஞ்சம், எதிரில் கொஞ்சம், அப்புறம் ஓரங்கள், திரும்பவும் முதலிலிருந்து. போல்ட் பிடித்ததும் நிறுத்திவிட்டாள்.

ஞாயிறு மதியம் தன் இடத்தின் எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவினாள். மீந்த அரிசி மாவில், முன்சக்கரம் ரெண்டுக்கும் நடுவில் அடங்குகிற மாதிரி ஒரு புள்ளிக் கோலம் போட்டாள். ஊரைச் சுற்றி இன்ஜினைச் சூடாக்கி வந்து காரை அதன் மேல் நிறுத்தி, இன்ஜினை ஓடவே விட்டாள்.

நாலு மணிக்கு லாரி வந்தது, சந்திரசேகரனும் வந்தார். மாடிக்கு மாடி தலைகள் எட்டிப் பார்த்தன. லோகேஸ்வரி ஏறி, காரை மெதுவாகப் பின்னால் எடுத்தாள். கோலம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. சந்திரசேகரன் குனிந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். ஒரு புள்ளிகூட நனையவில்லை.

"தரையில மாவு கொட்டுறதும் அசுத்தம்தான்," என்றார், வேறு எதுவும் கிடைக்காமல்.

"சாயங்காலம் கூட்டிருவேன்." கார்க் கண்ணாடியிலிருந்து உரித்து வைத்திருந்த சுராட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு நீட்டினாள். "இந்தக் கார் ஒழுகலைன்னு எழுதுங்க அண்ணே. கையெழுத்து மட்டும் அதே அளவுக்குப் பெருசா இருக்கட்டும்."

லாரிக்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். சந்திரசேகரன் எழுதினார்.

திங்கள் விடியலில் ஏழு கடைக்கும் மாவு போனது, கண்ணாடியில் அந்தக் கையெழுத்தோடு.