கோரிக்கையில் இல்லாத கை

குறுவை நடவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜெயா வயலுக்கு வந்து நின்றாள்.

கணவன் ரெத்தினம் கான்ஸ்டபிளாக இருந்தவன். போலீசுக்கும் சங்கம் வேண்டும் என்று மறியலில் உட்கார்ந்தான்; வேலை போயிற்று. காவலர் குடியிருப்பில் தினமும் அவளுக்குத் தலை பின்னிவிட்ட பெண்கள் மறுநாளே கதவைச் சாத்திக்கொண்டார்கள். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் இந்த ஊரில் அவன் பெரியப்பாவின் வீடு பூட்டிக் கிடந்தது. வேறு போக்கிடம் இல்லை.

நடவுக்கு ஆள் சேர்ப்பவள் எல்லையம்மாள். அவளால் இப்போது நட முடியாது. போன அறுவடையில் கூலி கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் லத்தியடி பட்டு வலது முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. அடித்தது ரெத்தினம் என்பது ஊருக்கே தெரியும்.

“போலீஸ்காரம்மா வந்திருக்காங்க, பாய எடுத்துப் போடுங்கடி,” என்றாள் சேற்றிலிருந்து ஒருத்தி.

“வேலை வேணும்க்கா,” என்றாள் ஜெயா. “வூட்ல அரிசி இல்ல. கல்யாணத்துக்கு முன்னால நானும் நட்டவதான்.”

எல்லையம்மாள் வரப்பில் கட்டுக் கட்டாகக் கிடந்த நாற்று முடிகளை எண்ணினாள். ஜெயா பொறுக்காமல் வாயை விட்டாள்.

“மறியல்ல அவரையும் அடிச்சிட்டாங்கக்கா. முதுகெல்லாம் தடிச்சிக் கெடக்கு.”

வயலே சிரித்தது. “லத்தி பட்டா வலிக்கும்னு இப்பத்தான் தெரிஞ்சுதாமா அய்யாவுக்கு?”

எல்லையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “சங்கத்துல என்ன கேட்டாங்க?”

“லீவு கேட்டாங்க. ஆபீசர் வூட்ல துணி தோய்க்க, நாய் குளிப்பாட்ட அனுப்பக் கூடாதுன்னு கேட்டாங்க.”

“இந்தக் கையப் பத்தி?”

ஜெயா ரெத்தினத்தின் முதுகுக்கு எண்ணெய் தடவும்போது கேட்டிருந்தாள்: பொம்பளைங்கள அடின்னு சொன்னா மாட்டேன்னு சொல்ற உரிமையும் வேணும்னு கேட்டீங்களா? அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, “அதெல்லாம் சங்கத்துல பேசற விஷயமா?” என்றான். அவள் தொடர்ந்து தடவினாள். அந்த முதுகின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தபோதுதான் தனக்கு யாருமே இல்லை என்று முதன்முதலாகத் தோன்றியது.

கேட்டார் என்று சொல்லிவிடலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஒரு சொல்லுக்கு வரிசையில் ஓர் இடம்.

“கேக்கல,” என்றாள்.

எல்லையம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு இடது கையால் ஒரு நாற்று முடியை எடுத்து அவள் காலடியில் போட்டாள். “நடுவுல எறங்கு.”

நடுவில்! இரண்டு பக்கமும் ஆட்கள். ஜெயா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

நடுகிறவர்கள் குனிந்தபடி பின்னோக்கிப் போவார்கள். கை ஓடாதவளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அவள் பங்கிலும் நாலு குத்து நாற்று நட்டுக்கொடுத்துக் கூடவே அழைத்துப் போவதுதான் வழக்கம். இன்று யாரும் கை நீட்டவில்லை. இருபுறமும் சளசளவென்று நட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். பேச்சுச் சத்தம் தேய்ந்தது. நிமிர்ந்தபோது வலத்திலும் இடத்திலும் பச்சை. நடுவில் சேற்றுப் பட்டையில் அவள் மட்டும்.

மற்றவர்கள் வரப்பேறித் தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். அவளும் ஏறிப் போயிருக்கலாம். வழி பின்னால் திறந்துதான் கிடந்தது. யார் பக்கத்தில் உட்காருவது? திரும்பக் குனிந்தாள்.

கடைசிக் குத்தை ஊன்றி வரப்பைத் தொட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. மற்றவர்கள் அடுத்த வயலில் இருந்தார்கள். எல்லையம்மாள் மட்டும் நின்றாள்.

“நாளைக்கும் வா,” என்றாள். “இதே எடந்தான்.”

“சரிக்கா.”

வாய்க்காலில் கைகால் கழுவும்போது ஜெயா அழவில்லை. நாளைக்குச் சோறு உண்டு என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.