நாற்பத்தொரு கைகள்

நான் பாடம் நடத்தும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல் மாடி நடைபாதையில் என் புகைப்படம் தொங்குகிறது. இருபத்தாறு வருடங்களுக்கு முன், நான் பள்ளி டீச்சராக இருந்தபோது எடுத்தது. என் முகத்தைவிடப் பிள்ளைகளின் கைகள்தான் அதில் அதிகம் தெரியும். நாற்பத்தொரு பிள்ளைகள், நாற்பத்தொரு கைகள். கீழே ‘சிறந்த புதிய ஆசிரியர்’ என்று எழுதியிருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களை அதன் முன் நிறுத்தி, “வகுப்புன்னா இப்படி இருக்கணும்” என்று முதல்வர் வருடா வருடம் சொல்வார். நான் அந்த நேரம் பார்த்து எங்காவது நழுவிவிடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமாவது மண்ணாவது! அந்தக் கைகளில் ஒன்பது இடது கைகள். எட்டு, கூட்டத்தோடு கலந்துவிட்டன. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருக்கும் ஒன்று மட்டும் தனியாகத் தெரியும். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதிவைக்காத ஒரு வித்தை உண்டு. மதிப்பீட்டாளர்கள் வரும் நாளில் எந்தக் கேள்விக்கும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கைகளை மட்டும் கேட்பார். பார்க்க வந்தவர்கள் காதில் அழகாகப் பூச்சுற்றி அனுப்பிவிடலாம்.

ஜன்னல்காரி என்று நான் மனதுக்குள் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு அப்போது எட்டு வயது. வகுப்புக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மதிப்பீட்டுக்கு முதல் நாள் ஒத்திகையில் பயத்தில் அவளுக்கு உதடு நடுங்கியது. நான் குனிந்து, “நீ இடது கையைத் தூக்கினா போதும். உன்னைக் கேட்கவே மாட்டேன், சத்தியம்” என்றேன். அவள் சிரித்தாள். அவளிடம் நான் பார்த்த ஒரே சிரிப்பு அது.

விருது வந்தது. மற்ற எட்டுப் பேரும் மறுநாளே இடது கையை மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. நான் எதைக் கேட்டாலும் ஜன்னலோரம் அந்தக் கை எழும். நானும் கேட்கவில்லை. முதலில் பாவம் என்று விட்டேன், பிறகு பழகிவிட்டது. வருடக் கடைசியில் அந்தக் கை பாதி தூக்கியபடியே மேஜைமேல் கிடக்கும். விடுமுறை முடிந்து அவள் வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து பேருந்தில் மேல் கம்பியை இடது கையால் பிடித்து நிற்கும் பெண் யாரைப் பார்த்தாலும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுகிறேன். இப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது இருக்கும். ஆனால் என்னிடம் வருகிற கை எப்போதும் எட்டு வயதுக் கைதான்.

இந்த லட்சணத்தில், இந்த வருடம் புதிய ஆசிரியர் விருதுக்கு என்னையே மதிப்பீட்டாளராகப் போட்டார்கள். கூட வந்தவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. சிவப்பு மை என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். அன்று எனக்கு மதிப்பெண் போட்டவரும் அவர்தான்.

கடைசி வகுப்பு, நாங்கள் ‘சந்தேகம்’ என்று பட்டப்பெயர் வைத்த பெண்ணுடையது. கல்லூரியில் என் மாணவி. எந்தப் பாடம் முடிந்தாலும் “ஒரு சந்தேகம், மேடம்” என்று எழுந்து என் உயிரை வாங்குவாள். அவள் வேலை தற்காலிகமானது. இந்த விருது கிடைத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பின்வரிசையில் எங்களுக்கு இரண்டு நாற்காலி. பின்னப் பாடம்.

“ரெண்டுல ஒண்ணு பெரிசா, மூணுல ஒண்ணு பெரிசா?” என்று கேட்டாள்.

வகுப்பு முழுக்கக் கைகள் எழுந்தன. எண்ணினேன். ஏழு இடது கைகள். மூன்றாவது வரிசை ஜன்னலோரத்திலும் ஒன்று. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

இந்த வித்தையை அவளுக்குச் சொல்லித் தந்ததே நான்தான். வகுப்புப் பயிற்சிக்கு அனுப்பும் முன் கடைசி மணி நேரத்தில், “இதை நோட்டுல எழுதாதீங்க” என்று சிரித்துக்கொண்டே வருடா வருடம் சொல்லித் தருவேன்.

அவள் வலது கைகளைப் பார்க்கவேயில்லை. நேராக ஜன்னலோரம் போய் நின்றாள்.

“சொல்லுடா கண்ணு.”

“தெரியாது, டீச்சர்.”

“சரி. எதுவரைக்கும் தெரியும்?”

அந்தச் சிறுமி யோசித்தாள். “ரெண்டைவிட மூணு பெரிசு.”

“அது சரிதான். அப்புறம்?”

“அப்போ மூணுல ஒண்ணுதான் பெரிசு.”

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து, ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் மடிக்கச் சொன்னாள். சின்ன விரல்கள் மடித்து முடிக்க நிறைய நேரம் ஆனது. சிவப்பு மை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிறுமி இரண்டு துண்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, “நிறையப் பேர் பங்குக்கு வந்தா துண்டு சின்னதாயிடுது!” என்று கத்தினாள். பிறகு இடது கையை இறக்கி வலது கையைத் தூக்கினாள். டீச்சர் அடுத்த இடது கையிடம் போனாள்.

தலைமையாசிரியை அறையில் சிவப்பு மை படிவத்தை விரித்தார்.

“பத்து நிமிஷத்துல நாலு தப்பு விடை. ஒரு கணக்குக்கு முழு வகுப்பும் போச்சு. பாடத்துக்குத் தயாராகவே வரலை இந்தப் பொண்ணு. நேத்துப் பார்த்த வகுப்பு எப்படி இருந்துச்சு! ஒரு தப்பு உண்டா?”

“தப்பு விடை வந்தாத்தானே சார் பாடம்?”

“நீங்களா இப்படிப் பேசறீங்க? உங்க போட்டோவைப் பாருங்க. நாற்பத்தொரு கை. அதைத்தான் இன்னிக்கும் நான் அளவா வெச்சிருக்கேன்.”

வாயைத் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் அவள் வேலை போகும்.

“அதுல ஒன்பது இடது கை, சார். நான் சொல்லித் தூக்க வெச்சது. தெரியாதவங்க எல்லாம் இடது கை. அதுல ஒரு பொண்ணை அன்னிக்கு மட்டும் இல்லை, அந்த வருஷம் முழுக்க நான் ஒரு கேள்விகூடக் கேட்கலை. அப்புறம் அவ பள்ளிக்கூடத்துக்கே வரலை.”

அவர் பேனாவை மூடினார்.

“ஜன்னல் பக்கம். மூணாவது வரிசை” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரியுமா?”

“அன்னிக்கே பார்த்தேன். எல்லாரும் பண்றதுதானேன்னு விட்டுட்டேன்.” கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவ கை என் கண்ணை விட்டுப் போகவே இல்லைம்மா.”

இத்தனை வருடமும் அவள் என்னிடம் மட்டும்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன். அவரும் போட்டார். கடைசிப் பத்தியில், என் புகைப்படத்தைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டும் என்று காரணத்தோடு எழுதினேன். எழுதி முடித்தும் மனம் லேசாகவில்லை.

சந்தேகத்தை உள்ளே கூப்பிட்டோம்.

“இடது கைக்காரங்களை முதல்ல கேட்கணும்னு யாரும்மா சொல்லித் தந்தது?” என்றார் சிவப்பு மை.

“மேடம்தான், சார். தெரியாதவங்க யாருன்னு ஒரே பார்வையில தெரிஞ்சுக்க வழி சொல்லித் தந்தாங்க.” அவள் முகத்தில் துளிக்கூடக் கேலி இல்லை. “ஆனா ஒரு சந்தேகம், மேடம். அன்னிக்கே கேட்கணும்னு நினைச்சேன், மணி அடிச்சிடுச்சு. அதிகாரிங்க போனப்புறம் அந்த இடது கைப் பிள்ளைங்களை நீங்க எப்போ கேட்பீங்க?”

என் இடது கை மெல்ல மேலே எழுவதை நான் பார்த்தேன். இறக்கத் தோன்றவில்லை.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“சரி, மேடம். எதுவரைக்கும் தெரியும்?”

“மூணாவது வரிசை. ஜன்னலோரம். எட்டு வயசு. ஒரு தடவை சிரிச்சா.”

“அப்புறம்?”

“அவ குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.