கும்பலக்காவின் செருமல்

கும்பலக்கா என்ற பெயர் அவளுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் விழுந்தது. சினிமாவில் கட்டடம் இடிந்து விழும்போது நூறு பேர் அலறிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த நூறில் பாதி அவள்தான். தொட்டிலில் வீரிடும் குழந்தையும் அவள்தான், அதைத் தொலைத்துவிட்டு ஓவென்று அழுகிற தாயும் அவள்தான். கதாநாயகிகளுக்குக் குரல் கொடுப்பவர்கள் குளிரூட்டிய அறையில் தனியாக நின்று பேசுவார்கள். கும்பல் குரல்காரர்கள் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நாலைந்து பேராக நின்று கத்திவிட்டு, டீ குடித்துவிட்டு, இன்னொரு கூட்டமாக மாறிக் கத்துவார்கள். படத்தின் முடிவில் அவர்கள் பெயர் வராது. வந்தாலும் அதற்குள் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாயைத் திறப்பதற்கு முன் தொண்டையை ஒருமுறை செருமாவிட்டால் சத்தம் வராது. லேசான செருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேலே வரும் வழியெல்லாம் எதையோ உருட்டிக்கொண்டு வருகிற செருமல். ஒவ்வொரு பதிவிலும் அதை வெட்டி எறிவது ஒலிப்பதிவாளரின் தலையெழுத்து.

"அக்கா, உங்க அழுகை பத்து வினாடி, அதுக்கு முன்னாடி செருமல் இருபது வினாடி. வெட்டி வெட்டி என் விரலே தேஞ்சு போச்சு" என்பார் அவர்.

கூடத்தில்தான் அதற்கு மதிப்பில்லை. வீட்டில் அந்தச் செருமலுக்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் கிடையாது. கரடியாய்க் கத்தினாலும் காதில் வாங்காத இரண்டு பேர் அந்த வீட்டில் இருந்தார்கள். ஒருவர் கணவர், லிப்ட் மெக்கானிக். நாளெல்லாம் நின்று வேலை பார்த்த கால் என்று சொல்லி, எதிரே எந்த நாற்காலி இருந்தாலும் அதன்மேல் காலைத் தூக்கிப் போடுவார். இன்னொருத்தி கல்லூரியில் படிக்கும் மகள். கைப்பேசி அவளுக்கு ஆறாவது விரல். சமையலறையிலிருந்து அந்தச் செருமல் கேட்டதும், திட்டு பின்னால் வருகிறது என்று இருவருக்கும் தெரியும். கால் தரைக்கு வரும், கைப்பேசி கவிழும், முதுகு நிமிரும். பெரும்பாலும் திட்டுக்கே வேலை இருக்காது.

இந்த வீட்டுக்குள்தான் 'அடியில்' என்ற படம் நுழைந்தது.

படம் வெளியாக இன்னும் நாள் இருந்தது. கதை என்னவென்று யாருக்கும் தெரியாது. பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள், அங்கே ஏதோ இருக்கிறது என்பதற்குமேல் தயாரித்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. முன்னோட்டத்தில் வெறும் இருட்டு. அந்த இருட்டில் ஒரு தொழிலாளியின் தலைவிளக்கு ஆடுகிறது. பிறகு ஓர் உறுமல் எழுந்து, விளக்கு அணைந்துவிடுகிறது. கீழே ஒரு வரி மட்டும் வரும்: 'இது மனிதக் குரல் அல்ல.'

மகளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் இது போதாதா? வீட்டு முன்னறையில் வட்டமாக உட்கார்ந்து அந்த உறுமலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான்.

"திமிங்கலமும் சிங்கமும் கலந்தது. மெதுவா ஓட்டிப் பாரு, தெரியும்" என்றான் கண்ணாடி போட்டவன்.

"அதெல்லாம் இல்ல, முழுக்க மெஷின்" என்றாள் சுருட்டைமுடிக்காரி. "உயிருள்ள எந்தத் தொண்டையாலும் இப்படிக் கத்த முடியாது."

"நானும் அதான் சொல்றேன்" என்றாள் மகள், ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள் மாதிரி. "மனுஷக் குரலுக்கு இதுல இடமே இல்ல."

டீத் தட்டோடு வாசல்நிலையில் நின்ற கும்பலக்காவுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மென்று விழுங்கினாள்.

ஏனென்றால் சில மாதங்களுக்கு முன், அந்தப் படத்தின் இயக்குநர் முன்னால் ஒரு கண்ணாடி அறைக்குள் தன்னந்தனியாக நின்று உறுமியவள் அவள்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஒலிவாங்கி அவளுக்கு மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தது. உள்ளே விடுவதற்கு முன் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். புருஷனிடமும் பெற்ற பிள்ளையிடமும்கூடச் சொல்லக் கூடாது. இன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே சொல்லக் கூடாது. அது மனிதக் குரல் இல்லை என்று சொல்லித்தான் அவர்கள் படத்தை விற்கப்போகிறார்கள்.

"அது எப்படி இருக்கும்னு காட்டுவீங்களா?" என்று இயக்குநரிடம் கேட்டாள்.

"காட்ட மாட்டேன்மா. ஆனா அதோட மனசைச் சொல்றேன். அது ரொம்ப வயசானது. தன் பாட்டுக்குக் கீழே படுத்திருக்கு. மேல இவங்க மெஷினைப் போட்டுக் குடையறாங்க. அதுக்கு யாரையும் கொல்லணும்னு ஆசை இல்ல. சத்தம் போடாம இருந்தா போதும்."

"புரியுது. பரீட்சைக்கு முந்தின நாள் வீட்ல டிவி ஓடற மாதிரி."

இயக்குநர் சிரிக்கவில்லை. "ஆமா. அதேதான்" என்றார்.

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் செருமினாள், பிறகு உறுமினாள். கேட்கப்படாமல் போன தன் இத்தனை வருடத்துக் கத்தலையும் அந்த ஒலிவாங்கியில் கொட்டினாள். பாதியில் இயக்குநர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் ஒலிப்பதிவாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மன்னிச்சுக்குங்க சார், இந்தச் செருமல் என் கூடப் பிறந்தது" என்றாள் அவள். நீங்கள் போகலாம் என்று மட்டும் அவர் தலையசைத்தார். இரண்டாம் நாளும் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தவர்கள் கூப்பிடவேயில்லை.

அன்றிலிருந்து அவளை ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. செருமலைக் கேட்டு எரிச்சலாகி, 'இந்தம்மா வேண்டாம், மெஷினே போதும்' என்று விட்டுவிட்டார்களோ? முன்னோட்டத்தில் வந்த உறுமலை அவளும் ரகசியமாகப் பலமுறை கேட்டுப் பார்த்தாள். எதை எதையோ சேர்த்து முறுக்கிப் பிழிந்திருந்தார்கள். அதில் அவளுக்கே அவளைத் தெரியவில்லை. வெளியே சொல்ல முடியாத பெருமை ஒரு பாரம் என்றால், அந்தப் பெருமை தன்னுடையதுதானா என்றே தெரியாதது அதைவிடப் பெரிய பாரம்.

"ஆன்ட்டி எங்க வேலை பார்க்கிறாங்க?" என்று சுருட்டைமுடிக்காரி டீயை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

மகள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா வீட்லதான் இருக்காங்க" என்றாள்.

கும்பலக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபம் வரவில்லை, வலித்தது. கூட்டத்தில் அலறுவதை ஒரு வேலை என்று வெளியே சொல்ல அந்தப் பெண்ணுக்குக் கூச்சம். முன்பொருமுறை தோழி வீட்டில் ஏதோ படம் பார்க்கும்போது, "இதுல செத்துப்போற பிச்சைக்காரி எங்க அம்மா" என்று சொல்லப்போய் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அம்மா வீட்டில் இருக்கிறவளாகிவிட்டாள்.

படம் வெளியான அன்று காலைக் காட்சிக்கு மகளே எல்லோருக்கும் டிக்கெட் எடுத்திருந்தாள். தியேட்டரில் எள் போட இடமில்லை. ஒரே வரிசையில் கூட்டாளிகள், மகள், கும்பலக்கா, கடைசியில் லிப்ட் மெக்கானிக். அவருக்கு நேர் முன்னால் ஒரு நாற்காலி உடைந்து காலியாகக் கிடந்தது அவர் செய்த புண்ணியம். விளக்கு அணைந்ததுமே காலைத் தூக்கி அதன்மேல் போட்டுவிட்டார்.

முதல் பாதியில் உறுமல் இரண்டு முறை வந்தது. தரை அதிர்ந்தது, கூட்டம் அலறியது. கும்பலக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். திமிங்கலம் இருந்தது, இரும்பு இருந்தது, இடி இருந்தது. அவள் இல்லை. சரி, விட்டுவிட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த வயதில் இதற்கெல்லாம் அழுவார்களா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. சுரங்கத்தின் அடியில் தொழிலாளிகள் மட்டும் நிற்கிறார்கள். முதலாளி மேலேயிருந்து, துளையிடும் இயந்திரத்தை மறுபடி போடச் சொல்கிறான். ஒருவன் விசையில் கை வைக்கிறான். இசை நின்றுபோயிற்று. திரை முழுக்க இருட்டு, ஒற்றை விளக்கு மட்டும். மகள் எதற்கோ கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இருட்டுக்குள்ளிருந்து அது செருமியது.

கலப்படம் எதுவும் இல்லை. திமிங்கலம் இல்லை, இடி இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் எதையோ உருட்டிக்கொண்டு வந்த அந்தச் செருமலை அப்படியே எடுத்து, தியேட்டர் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள்.

தியேட்டரே உறைந்துவிட்டது. அத்தனை பேரில் அசைந்தவர்கள் இரண்டே பேர். மகள் கைப்பேசியைத் தொடைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினாள். அந்தப் பக்கம் லிப்ட் மெக்கானிக்கின் கால் நாற்காலியிலிருந்து பொத்தென்று கீழே இறங்கியது.

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்றார் அவர், திரையைப் பார்த்து.

பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. மகளின் தலை மெல்லத் திரும்பியது. அந்தப் பக்கமிருந்து அவருடைய தலையும் திரும்பியது. நடுவில் கும்பலக்கா கல்லுளிமங்கி மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கன்னத்தில் வழிந்ததைத் திரையின் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிட்டது.

அதற்குப் பின் படம் முழுவதும் அந்தச் செருமல்தான். உறுமலுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அது ஓர் எச்சரிக்கையாக வந்தது. கேட்டு அடங்கியவனை அது ஒன்றும் செய்யவில்லை. கேட்காதவன் திரும்பி வரவில்லை. கடைசிப் பகுதியில் செருமல் கேட்ட மாத்திரத்தில் தியேட்டரே பெட்டிப் பாம்பாக அடங்கியது. பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றது. இத்தனை வருடம் வெட்டி எறியப்பட்ட ஒன்றின் முன்னால் முன்பின் தெரியாத இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கும்பலக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'என்னுது, அது என்னுது' என்று மனதுக்குள் ஒரு குரல் குதித்தது. இரண்டாம் நாள் ஏன் கூப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. வேண்டியது முதல் நாளே அவர்களுக்குக் கிடைத்துவிட்டிருந்தது.

இருட்டில் மகளின் கை அவள் கையைத் தேடி வந்தது. காதோரம் குனிந்தாள். "நீதானே?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றாள் கும்பலக்கா, உதடு அசையாமல். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என்னைக்குமே."

படம் முடிந்து பெயர்கள் ஓடின. மகள் எழுந்து போகிறவர்களுக்கு வழிவிடாமல் கடைசி வரி வரை நின்று பார்த்தாள். அம்மா பெயர் இல்லை. 'உயிரினத்தின் குரல்' என்று போட்டு, எதிரே 'அதுவே' என்று போட்டிருந்தார்கள்.

வெளிக்கூடத்தில் கூட்டாளிகள் அதற்குள் சண்டையை ஆரம்பித்திருந்தார்கள்.

"அந்தச் செருமல்தான் படமே" என்றான் கண்ணாடிக்காரன். "என்ன மெஷின்ல பண்ணியிருப்பாங்க அதை?"

"மனுஷத் தொண்டைக்கு அது சாத்தியமே இல்ல. நீயும் அதானே சொன்ன?" என்று சுருட்டைமுடிக்காரி மகளைப் பார்த்தாள்.

மகள் வாயைத் திறந்தாள். காதில் போட்டதை மாலைக்குள் ஊரறியச் செய்துவிடும் பெண் அவள். உண்மை உதடுவரை வந்து முட்டுவது வெளியிலிருந்தே தெரிந்தது. இதை மட்டும் சொல்லிவிட்டால் இந்தக் கூட்டத்தில் அவள்தான் ராணி.

"ஆமா, நான் அப்படித்தான் சொன்னேன்" என்றாள் மகள் கடைசியில். அதை விழுங்க அவள் பட்ட பாடு அம்மாவுக்குத்தான் தெரியும். பிறகு அம்மாவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "ஆனா அன்னைக்கு ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். எங்க அம்மா சும்மா வீட்ல இல்ல. டப்பிங்ல இருக்காங்க. கும்பல் குரல். நீங்க இதுவரைக்கும் பார்த்த படங்கள்ல பாதி அழுகை, அலறல், குழந்தை, பிச்சைக்காரி எல்லாம் எங்க அம்மாதான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கும்படி அவள் சொல்லவும் இல்லை.

"நிஜமாவா ஆன்ட்டி? இந்தப் படத்துலயும் பண்ணியிருக்கீங்களா?" என்றான் கண்ணாடிக்காரன்.

"இந்தப் படத்துல எங்கேப்பா கும்பல்? மொத்தமே பத்துப் பேர்தான்" என்றாள் கும்பலக்கா. மகளின் கை அவள் தோளில் இறுகியது.

பேருந்தில் மூவருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. லிப்ட் மெக்கானிக் பாதி வழிவரை மனைவியை அவ்வப்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டும், பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டும் வந்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"டிக்கெட் வாங்கி, வரிசையில நின்னு, ஊரே உன்கிட்ட திட்டு வாங்கிட்டுப் போகுது. நாங்க இத்தனை வருஷம் ஓசியிலயே வாங்கிட்டோம்."

"நாளைக்கும் போலாமாப்பா?" என்றாள் மகள்.

கும்பலக்காவுக்கு என்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. வழக்கம்போல் தொண்டையைச் செருமினாள். கணவரின் கால் உள்ளே இழுத்துக்கொண்டது, மகளின் முதுகு நிமிர்ந்தது. முன் இருக்கையில், கையில் அதே படத்தின் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர், தான் பேசிக்கொண்டிருந்த கைப்பேசியை ஏனென்று தெரியாமலே அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் கும்பலக்கா. "சும்மாதான்."