தேயிலையைப் பற்றி ஒரு பாசேஜ்

விக்னேஸ்வரிக்குப் பனிக்கரடியைப் பற்றி எதுவும் தெரியாது. ரோமாபுரிக் குளியலறைகளைப் பற்றித் தெரியாது, கடலுக்கடியில் கம்பி பதிப்பதைப் பற்றிச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கெல்லாம் அவள் டக்கு டக்கென்று சரியாகப் பதில் போட்டாள். இங்கிலீஷ் பரீட்சையில் இப்படி ஒரு வேடிக்கை உண்டு.

ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு பாசேஜ் கொடுப்பார்கள். கீழே வரிசையாகச் சில வாக்கியங்கள் இருக்கும். பாசேஜ் அப்படிச் சொன்னால் 'சரி' என்று போட வேண்டும். மாற்றிச் சொன்னால் 'தப்பு'. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்றால் 'சொல்லவில்லை'. நன்றாகப் படித்தவர்களே இந்த மூன்றாவதில் குப்புற விழுகிறார்கள். விக்னேஸ்வரி விழுந்ததில்லை. பனிக்கரடியைப் பற்றிச் சொந்தமாக நாலு விஷயம் தெரிந்தால்தானே இடறி விழ?

அவளுடைய வில்லங்கம் நேரம். நிறுத்தி நிதானமாகப் படிக்கிறவள். இதற்கு முன் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கடைசிப் பாசேஜைத் தொடும்போது மணி அடித்துவிட்டது. பேச்சு, எழுத்து, கேட்டல் எல்லாவற்றிலும் கரை சேர்ந்துவிட்டாள். வாசிப்பில் மட்டும் ஆறரை. அயர்லாந்தில் முதியோர் மருத்துவமனை வேலைக்கு ஏழு கேட்டார்கள். அரைப் புள்ளிக்காக ஒரு மனுஷியை மலைமேலேயே உட்கார வைக்க முடியும் என்பதை அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

அவள் ரிங்லெட் டவுனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். குடியிருப்பது தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். அந்த வீடு அம்மா மணியம்மாவின் பெயரில் இருந்தது. பெயரில் என்றால் சொந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. அம்மா இலை வெட்டப் போகிற வரைக்கும் வீடு. டிசம்பரில் அம்மாவுக்கு அறுபது முடிகிறது. அதோடு சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. டவுனில் வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்றால், நல்ல வீடெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு ஹோம்ஸ்டே ஆகிக் கிடக்கின்றன. மிச்சம் இருப்பவை பங்களாதேஷ் ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்து படுக்கிற அறைகள்.

ஆகவே கணக்கு இதுதான். இந்தத் தடவை ஏழு வாங்க வேண்டும். அயர்லாந்து போக வேண்டும். அங்கிருந்து அனுப்பி, ஈப்போவில் அம்மாவுக்கு ஒரு வீடு பிடிக்க வேண்டும். அயர்லாந்துக்கு நர்ஸுகளை அனுப்பும் ஈப்போ ஏஜென்டு இந்த ஒரு பேட்ச் வரைக்கும்தான் இடம் பிடித்து வைப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கிளினிக்கில் கூட நர்ஸாக வேலை செய்யும் உஷாவுக்கும் விக்னேஸ்வரிக்கும் பயிற்சி அங்கேதான் நடந்தது. உஷா சிரம்பான் பெண். அப்பா விவசாய இலாகாவில் அதிகாரி, இங்கே மாற்றலாகி வந்தவர். இரண்டு வருஷமாகத் தேயிலை மலைக்கு நடுவில் இருக்கிறாள், தேநீரைத் தொடமாட்டாள், குடிப்பது மைலோ மட்டும்தான். துணைக்கு நானும் பரீட்சை எழுதுகிறேனே என்று சும்மா பெயர் கொடுத்தவள். காய்கறித் தோட்டத்து ஆட்கள் மருந்தடித்துக் கை வெந்து வருவார்கள். அவர்களுக்குக் களிம்பு தடவி அனுப்பிவிட்டு, அடுத்த ஆள் வருவதற்குள் ஒரு பாசேஜை முடிப்பார்கள்.

வார்த்தைகளைப் படிக்கிற வேலை வீட்டில். அட்டையில் ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, மறுபக்கம் அர்த்தம். அம்மா அட்டையைத் தூக்கிப் பிடிப்பாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் மகள் தப்பாகச் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"இது தப்பு. இன்னொருவாட்டி சொல்லு."

"உனக்கு எப்படிம்மா தெரியுது?"

"அட்டைய யாரு பாக்கறா? உன் மூஞ்சியத்தான் பாக்கறேன். பொய் சொன்னா மூக்கு வெடைக்குது."

அப்படிக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் சில வார்த்தைகள் ஒட்டிக்கொண்டன. 'ரிலக்டன்ட்' அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. மனசில்லாமல் இருப்பது என்று மகள் விளக்கியதும், இவ்வளவு நாள் இதற்கு ஒரு வார்த்தை இல்லாமல்தான் கஷ்டப்பட்டேன் என்பதுபோல் எடுத்து வைத்துக்கொண்டாள். காலையில் மழையில் கிளம்பும்போது, "இன்னிக்கு நான் ரிலக்டன்ட்டுலா," என்று சொல்லிவிட்டுத்தான் பூட்ஸை மாட்டுவாள்.

பரீட்சை ஈப்போவில். உஷாவின் காரில் இருட்டோடு கிளம்பித் தாப்பா வழியாக இறங்கினார்கள்.  

முதல் பாசேஜ் பழைய கடிகாரங்களைப் பற்றி. ஒழுங்காக முடித்தாள். இரண்டாவதைப் பார்த்தவளுக்கு நம்ப முடியவில்லை. தேயிலை. தலைப்பிலேயே தேயிலை. உலகத்தில் எத்தனையோ விஷயம் இருக்க, இவளுக்கென்று யாரோ எடுத்து வைத்ததுபோல் அது வந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றே நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைப்பாள், யாராக இருந்தாலும்.

பாசேஜை மேலோட்டமாக ஒரு ஓட்டு ஓட்டினாள். சீனாவிலிருந்து செடி கிளம்பிய கதை, இலை வாடும்போது அதற்குள் நடக்கிற ரசாயனம், கப்பல், பெட்டி. சரி, தெரிந்ததுதான் என்று நேரே கேள்விக்குப் போனாள். மழை நாளிலும் இலை எடுக்கப்படுகிறது. எடுக்காமல் என்ன, சரி. தொழிலாளர்களுக்குக் கம்பெனி வீடு கொடுக்கிறது. சரி. ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் அங்கே இருக்கலாம். தப்பு. அந்தத் தப்பைப் போடும்போது அவளுக்குக் கோபம்கூட வந்தது. கோபத்தோடு அழுத்திப் போட்டாள். இலை வெட்டும் மெஷின் வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. அம்மாவின் தோள்பட்டைக்கு ராத்திரி தைலம் தேய்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? தப்பு.

நிமிர்ந்து பார்த்தபோது கடிகாரத்தில் ஏராளமாக நேரம் இருந்தது. மூன்றாவது பாசேஜை நிதானமாகப் படித்து முடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மணி அடிப்பதற்கு முன்னால் பேனாவைக் கீழே வைத்தாள்.

திரும்பி வரும்போது மலை ஏறுகிற இடத்தில், மலைவாசிகளான ஓராங் அஸ்லிக்காரர்கள் பெத்தாய்க் காய் விற்கிற கடையோரம் உஷா காரை நிறுத்தினாள். விக்னேஸ்வரி அம்மாவுக்கென்று பெரிய கட்டாகப் பார்த்து வாங்கினாள். அப்படி ஒரு சந்தோஷம்.

"தேயிலை பாசேஜ்தாங்கா எனக்குச் செம போரு," என்றாள் உஷா. "ஒண்ணுமே புரியல. ஆனா கேள்வி ஈசி. முக்காவாசி 'சொல்லவில்லை' தான?"

விக்னேஸ்வரி பெத்தாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். "எது?"

"அதாங்கா, வீடு கொடுக்கறது, ரிட்டயர் ஆனவங்க, மழ, மெஷினு. பாசேஜ்ல வேல செய்றவங்கள பத்திப் பேச்சே இல்லியே. ரெண்டு தடவ தேடிப் பாத்தேன். இல்ல."

விக்னேஸ்வரி மனசுக்குள் அந்தப் பாசேஜை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். செடி இருந்தது, இலை இருந்தது, கப்பல் இருந்தது, துரைமார் இருந்தார்கள். உஷா சொன்னது உண்மை. அவ்வளவு நீளப் பாசேஜில் அம்மா எங்கேயும் இல்லை. அம்மாவை அதற்குள் கொண்டுபோய் வைத்தது இவள்தான்.

"என்னாக்கா? நீங்க என்னா போட்டீங்க?"

"அதேதான்," என்றாள். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் மூக்கைப் பார்த்தே பிடித்திருப்பாள்.  மனிதர்களுக்கு நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் விடாது. கூட்டிக் கழித்து, மூன்றாவது பாசேஜ் காப்பாற்றிவிடும் என்று அவள் ரிங்லெட் வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது பாசேஜ் காப்பாற்றவில்லை. முடிவு கைபேசிக்கு வந்தது. வாசிப்பு, ஆறரை. உஷாவுக்கு ஏழரை. உஷா கிளினிக் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். நல்ல பெண். அடுத்த வாரம் ஏஜென்டு அவளைக் கூப்பிட்டுக் விக்னேஸ்வரிக்கு வைத்திருந்து காலியான இடத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். "நான் போகட்டுமாக்கா?" என்று அவள் கேட்டபோது, போகாதே என்று சொல்ல விக்னேஸ்வரிக்கு வாய் வரவில்லை. போ என்றும் சட்டென்று வரவில்லை. வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? கடைசியில் போகச் சொன்னாள்.

 முடிவு வந்த மறுநாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அப்படி என்னாத்தடி கேட்டானுங்க?"

"தேயிலைய பத்திம்மா."

அம்மாவின் கை நின்றது. "நம்ம தேயிலையா? அப்பறம் எப்படிடி தப்பாப் போச்சு?"

விக்னேஸ்வரி அந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். எதற்குச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மழையிலயும் எல எடுக்கறாங்க."

"சரி."

"கம்பெனி வீடு குடுக்குது."

"சரி."

"ரிட்டயர் ஆனப்பறமும் அங்கயே இருக்கலாம்."

"எவன் சொன்னான்? தப்பு."

"மெஷின் வந்து வேல சுலபமாயிருச்சு."

"அவன ஒரு நாளு தூக்கச் சொல்லு. தப்பு."

"தொழிலாளிங்க புள்ளைங்க பெரும்பாலும் தோட்டத்திலயே வேலைக்குச் சேர்றாங்க."

"ஒருத்தரும் சேர்றதில்ல. தப்பு." அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். "எத்தன சரி?"

மகள் போட்ட பதில்தான் அத்தனையும். ஒன்றுகூட மாறவில்லை.

"எல்லாம் சரிம்மா," என்றாள் விக்னேஸ்வரி. அம்மா மூக்கைப் பார்த்தாள். மூக்கு விடைக்கவில்லை. அதனால் அவளுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. எல்லாம் சரியென்றால் பெண் ஏன் அழுகிறாள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ராதாகிருஷ்ணன் கிராணி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர். இதே லைனில் பிறந்து வளர்ந்தவர். கெட்ட மனுஷன் இல்லை. கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால் முதலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அன்றைக்கும் குடித்தார்.

"டிசம்பர்ல சாவிய ஒப்படைக்கணும்கா. துரை கேக்கச் சொன்னாரு."

"நான் ரிலக்டன்ட்டு கிராணி," என்றாள் அம்மா.

கிராணி சிரித்துவிட்டார். அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "வழி இல்லாம இல்லக்கா. வீட்டுல ஒரு ஆளு கம்பெனில வேல செஞ்சா வீடு உங்களுக்கே இருக்கும். டீ சென்டர்ல டூரிஸ்டுங்களுக்கு விளக்கம் சொல்ல ஆளு வேணும். இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு. நம்ம விக்கிக்கு என்னா, பரீட்சைலாம் எழுதுன புள்ள."

"அவ நர்ஸு," என்றாள் அம்மா. "நான் எங்கயாச்சும் போய்க்கறேன். அவள விட்டுருங்க."

"எங்கம்மா போவ?" என்று விக்னேஸ்வரி கேட்டாள்.   கிராணி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் இருக்கிற வரைக்கும் வீடு, வேலையை விட்டால் வீடு போய்விடும் என்று விக்னேஸ்வரிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜனவரியிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

டீ சென்டரில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வருகிறவர்கள் அதன் வழியாக மலையைப் பார்த்துக் கைபேசியைத் தூக்குவார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஆபீஸில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். செடியின் வயது, இலை வாடுவது, உருட்டுவது, உலர்த்துவது, எந்தத் தூளுக்கு எந்த நிறம். அந்தத் தாளுக்கும் பரீட்சையில் வந்த பாசேஜுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது.

இரண்டாவது மாதத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தாள். வயதானவள், தலை நரைத்தவள், உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள். மற்றவர்கள் கேக் வாங்கப் போன பிறகும் நின்று கேட்டாள். இலை எடுப்பவர்கள் எல்லாம் எங்கே குடியிருக்கிறார்கள்? வயதாகி ஓய்ந்த பிறகு அவர்கள் என்ன ஆவார்கள்?

கண்ணாடிக்கு வெளியே, சரிவின் அடியில், லைன் வீட்டுத் தகரக் கூரை தெரிந்தது. அம்மா வெளியே வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரத்திலும், தோளுக்கு மேலே கையைத் தூக்க முடியாமல் அவள் கொடியைக் கீழே இழுப்பது தெரிந்தது.

 விக்னேஸ்வரிக்கு அத்தனையும் தெரியும். அத்தனைக்கும் இங்கிலீஷில் வார்த்தையும் தெரியும். கதவோரம் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிக்கணும் மேடம்," என்று அழகான இங்கிலீஷில் சொன்னாள். "அதைப் பற்றி இந்தத் தாளில் ஒன்றும் சொல்லவில்லை."

பரவாயில்லை என்று அந்தப் பெண்மணி புன்னகை செய்தாள். உன்னுடைய ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது, எங்கே படித்தாய் என்று கேட்டாள். இங்கேதான் என்று விக்னேஸ்வரி சொன்னாள். அடுத்த பஸ் வந்து நின்றது. அவள் தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.