முத்திரை குத்திய நன்றி

டாக்டர் லோர்னா வெசெலி ஓய்வுக் கடிதத்தை எழுதி மேசையில் வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மாநிலச் சட்டமன்றம் போன வாரம் புதுச் சட்டம் போட்டிருந்தது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலின மாற்றச் சிகிச்சை கொடுத்த டாக்டர்மேல் முப்பது வருடம் வரைக்கும் வழக்குப் போடலாமாம். லோர்னாவுக்கு அறுபத்திரண்டு வயது. கூட்டிப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. காப்பீட்டு நிறுவனமோ ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டது. வழக்கென்று வந்தால் வீடு வாசல் போய்விடும். ஆனால் சிகிச்சைக்கு அவரையே நம்பி ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு டாக்டர் கிடையாது.

"ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போட்டுடாதீங்க. எல்லாம் சாட்சி" என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதை ஊரெல்லாம் பரப்பிவிட்டவள் நர்ஸ் டோரிஸ். அவள் வாய் சும்மா இருக்காது.

"டாக்டரம்மா, ராய்ஸ் வந்திருக்கான். அப்பாயின்ட்மென்ட் இல்ல. இந்தப் பனியில நாப்பது மைல் வந்தவன நான் திருப்பி அனுப்ப மாட்டேன், நீங்களே அனுப்பிக்குங்க!"

பதினான்கு வயதில் அவரிடம் சிகிச்சைக்கு வந்து, தரையைப் பார்த்தபடியே பேசிய பிள்ளை ராய்ஸ். இப்போது பத்தொன்பது வயது வாலிபன். உள்ளே வந்ததும் ஒரு நன்றி அட்டையை நீட்டினான். அட்டையில் காட்டுக்கோழிப் படம். அதன் வயிற்றில் நோட்டரி முத்திரை.

"என்னடா இது?"

"எல்லாம் சாட்சின்னு டோரிஸ் சொன்னாங்க. அதான் பேங்க்ல இருக்கிற நோட்டரி அம்மாகிட்ட முத்திரை குத்தி வாங்கினேன். அந்தம்மா கையத் தூக்கிச் சத்தியமே பண்ண வெச்சுட்டாங்க. 'வீடு வாங்குறியா தம்பி?'ன்னாங்க. 'இல்லீங்க, நன்றி சொல்லப் போறேன்'னேன்."

லோர்னா பிரித்துப் படித்தார். 'நீங்கள் ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. ஒரு வருடம் கேள்வியாகக் கேட்டீர்கள். நான் உயிரோடு இருக்கிறேன். நன்றி.'

"ராய்ஸ், கோர்ட்டுல இதுக்கு மதிப்பே கிடையாதுப்பா. முப்பது வருஷத்துல உன் மனசே மாறலாம்."

"மாறினா உங்ககிட்டதான் வந்து சொல்லுவேன். கோர்ட்டுக்கு எதுக்குப் போறேன்?"

"தொண்ணூத்திரெண்டு வயசுல எனக்குக் காது கேக்காதே."

"கத்திச் சொல்றேன்."

லோர்னா வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. எப்போது யார் வழக்குப் போடுவார்களோ என்று பயந்தே வாரம் முழுக்கத் தூங்காமல் கிடந்தவர் அவர். நன்றி சொல்ல வந்தவன் ராய்ஸ்தான். ஆனால் அந்த அறையில் அவனைவிட அதிகம் நன்றிக்கடன் பட்டவர் லோர்னா.

அவன் போனதும் அட்டையை அவனுடைய கோப்பில் பத்திரமாக வைத்தார். பிறகு ஓய்வுக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். வக்கீல் பேச்சை அவர் மீறியது அந்த ஒரு காகிதத்தில் மட்டும்தான்.