ஒரே ஒரு சுவர் மட்டும்

1

இந்தக் கதை எனக்கு மீன் குழம்பு வாடையில் கிடைத்தது. வண்ணார்பேட்டையில் ஒரு அலுவலகத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை எழுதும் பாடு மிச்சமாகியிருக்கும்.

தாமிரபரணியின் மேல் மாலை வெயில் மெல்ல…

(வேண்டாம். கதை நடப்பது மதியச் சாப்பாட்டு நேரத்தில்.)

2

நஃபீஸத், மேலப்பாளையம். இன்டீரியர் டிசைனர். இதுவரை இரண்டு துணிக்கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி. இப்போதுதான் பெரிய வேலை: தில்லைநாயகத்தின் மென்பொருள் நிறுவனத்துக்கு, நாற்பது பேர் உட்கார, புதுக் கட்டடத்தில் ஒரு மாடி முழுக்க. கிடைத்தால் சொந்தமாக அலுவலகம் போடலாம். தவறினால் மறுபடி அண்ணனின் செருப்புக்கடை.

"சுவரே வேண்டாம்மா," என்றார் தில்லைநாயகம். "பெரியவன் சின்னவன்னு பிரிவு இருக்கப்பிடாது. நானும் நடுவுல ஒரு மேசையில இருந்துக்கிடுதேன். இங்கன யாரும் என்னைய சார்னு கூப்பிடுததில்ல. அண்ணாச்சிதான்."

அவளுக்கு ஒரே சந்தோஷம். குறித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரே ஒரு சுவர் மட்டும் வேணும்," என்றார் பைய. "மூலையில, கதவோட. கவிச்சி சாப்பிடுதவங்களுக்கு. தப்பா நினைக்காதீங்க, எனக்கு வாடை ஆகாது."

வெளியே படியில் ஷரீபா பீவி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். (நான் பார்த்த அம்மாவுக்கு வைத்த பெயர்.) வாடிக்கையாளர்களின் போனை எடுப்பவர். பதினோரு வருஷமாகச் சாப்பாடு படியில்தான்.

"புது ஆபீஸ்ல நமக்குத் தனி ரூம் உண்டாமே? படிக்கு அது எவ்வளவோ தேவலைம்மா."

நஃபீஸத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் சைவ வீட்டுக்காரன். அதனால் முதல் வரைவில் ஒரு தில்லுமுல்லு செய்தேன்: ஷரீபா பீவியின் டப்பாவில் தயிர்ச்சோறு வைத்துவிட்டேன். சுவரும் வேண்டாம், வம்பும் வேண்டாம். அவரோ டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்.*

* அந்த வரைவில் அவர் கடைசிவரை பட்டினி.

4

மறுவாரம் நஃபீஸத் வரைபடத்தை விரித்தாள். சுவரில்லாத கூடம். நடுவே எல்லோருக்குமாக ஒரு நீளச் சாப்பாட்டு மேசை. மூலையில், கதவோடு ஒரு கண்ணாடி அறை. ஏசி உண்டு.

"கேட்டதைப் போட்டுட்டீங்க," என்றவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "என்னம்மா இது, ஒரு நாற்காலிதான் இருக்கு? கவிச்சி சாப்பிடுத பதினாறு பேரு எப்படி உக்காருவாங்க?"

அவள் படத்தில் நீள மேசையை விரலால் காட்டினாள்.

"அவங்க வெளிய, பெரிய மேசையில அண்ணாச்சி. இந்த அறை வாடை ஆகாதவங்களுக்கு."

தில்லைநாயகம் பேனாவைத் திறந்தார்.

5

முடிவு ஒன்று: சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார். இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நீங்க போடுவீங்களா?" என்றாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: படத்தின் குறுக்கே ஒரு கோடு இழுக்கிறார். நஃபீஸத் செருப்புக்கடையில்… இல்லை, அவளை அங்கே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே பேனா இனி உங்களிடம். ஆற அமர யோசிக்கலாம் என்று பார்க்காதீர்கள். மணி ஒன்றாகிவிட்டது. ஷரீபா பீவி டப்பாவோடு எழுந்துவிட்டார். படிக்குப் போவதா, இங்கேயே உட்காருவதா என்று உங்களைத்தான் பார்க்கிறார்.