திறந்த கதவு அணியின் தலைவர்

வேலாயுதத்துக்குப் பட்டிமன்றம் என்றால் உயிர். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வருகிறவர்கள் என்றால் வேப்பங்காய். இந்த இரண்டும் ஒரே மேடையில் ஏறும் என்று மனுஷன் கனவிலும் நினைத்ததில்லை, பாவம்.

தமிழ்மொழி மாதத்துக்காகச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சங்கம் ஏற்பாடு செய்த பட்டிமன்றத்தின் தலைப்பு, 'நாட்டின் கதவைத் திறந்து வைப்பதா, இறுக்கிச் சாத்துவதா'. கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, காலைத் தேநீருக்கு நண்பர் அப்துல் அலீமைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர் இலவசமாகப் பேசிவந்ததே அதைத்தான். ரயிலில் இடமில்லையா, வெளிநாட்டுக்காரன். வாடகை ஏறிவிட்டதா, வெளிநாட்டுக்காரன். மழை பெய்யாததற்கு மட்டும்தான் இன்னும் அவனைக் காரணம் காட்டவில்லை. அலீமும் டீ ஆறும்வரை தலையாட்டுவார்.

ஆனால் யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சங்கத்தில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். சொந்தக் கருத்துக்கு அங்கே வேலை கிடையாது. வேலாயுதம் காளியம்மனை வேண்டிக்கொண்டு சீட்டை எடுத்துப் பிரித்தார். 'திறந்து வைக்க வேண்டும்.' அதுவும் அணித்தலைவர். அம்மனுக்கு அன்றைக்கு வேறு சோலி இருந்திருக்கும்.

வீட்டில் நிலைமை இன்னும் சிக்கல். ஒரே மகள் ரோஷினி கிளமெண்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்த இளம்பரிதி என்ற கரூர்ப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அவனுடைய வேலை அனுமதியை இனிப் புதுப்பிக்க முடியாது என்று ஆகிவிட்டது. மாதக் கடைசியில் அவன் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் அப்பா சரி என்று சொல்லிவிட்டால் கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு, கணவன் என்ற முறையில் அவனை இங்கேயே வைத்துக்கொள்ள அவள் விண்ணப்பிக்கலாம். வயது வந்த பெண்ணுக்கு அப்பாவின் கையெழுத்து எதற்கு? எதற்குமில்லை. ஆனாலும் அவர் வாயால் ஒரு சரி வேண்டும் என்று காத்துக் கிடந்தாள்.

வேலாயுதம் மாட்டேன் என்று சொல்லவில்லை. "பாப்போம்லா" என்றார். பையனிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாததால் வந்த பாப்போம் அது. மாதக் கடைசிவரை இழுத்தடித்தால் போதும், மிச்சத்தை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. மனைவி தங்கத்துக்கு இது தெரியாதா என்ன? உங்க வாய்க்கு ஒரு அணி, மனசுக்கு ஒரு அணியா என்று சோறு போடும்போதெல்லாம் குத்திக்கொண்டே இருந்தாள்.

அதற்காகத் தோற்றுப்போக முடியுமா? வேலாயுதம் எந்தக் கட்சி பேசினாலும் ஜெயித்தாக வேண்டும். சபையை உருக்குகிற மாதிரி ஏதாவது சங்கதி வேண்டுமே என்று, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், மகளிடமே கேட்டார். அவளும் சொன்னாள். இளம்பரிதி செங்காங்கில் வாடகை அறையில் இருக்கிறான். இத்தனை வருடத்தில் பெரிய பொருள் எதையும் வாங்கியதில்லை. ஒரு தலையணை வாங்கினால்கூட, ஊருக்குப் போகச் சொன்னால் பெட்டியில் அடங்குமா என்று அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவான். அருமையான பாயிண்ட் என்றார் வேலாயுதம்.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, அடேயப்பா! பெயர் சொல்லாமல் அந்தத் தலையணையை எடுத்து மேடையில் வைத்தார். தலையணையை அமுக்கிப் பார்க்கிற அந்தக் கைக்கு, இது உன் வீடு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லையே என்று தழுதழுத்தார். எதிரணியில் பேசிய மோகனப்பிரியாவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடுவர் அவர் அணிக்கே தீர்ப்பைச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் ஓயாமல் கேட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரோஷினி தட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டிமன்றம் முடிந்து அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் தோசை சாப்பிட உட்கார்ந்தார்கள். பொன்னாடையை மடித்து நாற்காலி முதுகில் போட்டுக்கொண்டு, நடுவர் சொன்ன பாராட்டை வேலாயுதம் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தபோது ரோஷினி கேட்டாள்.

"அப்பா, மேடையில பேசினதுல எது உங்க மனசுல இருந்து வந்துச்சு?"

"மேடை வேற, வீடு வேறம்மா. அது சீட்டுல வந்த பக்கம்லா."

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "அப்ப சரி. பரிதியோட நானும் போறேன். கோயம்புத்தூர்ல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. நீங்க சரின்னா அதை வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

வேலாயுதம் பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டார். தங்கம் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஏய், சரிம்மா. சரின்னே வச்சுக்க. இப்பவே சொல்றேன், கல்யாணத்தைப் பதிவு பண்ணு."

"இதுவும் சீட்டுல வந்ததுதானேப்பா" என்றாள் ரோஷினி. கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு ஆசைப்பட்ட பக்கம் பேச வாய்ப்புக் கிடைத்தது. பிறந்த மண், சொந்த பந்தம், வேற்றூரில் நம்மை யார் மதிப்பார்கள் என்று, வீட்டுக் கூடத்தில், தினமும், ஒரே ஒரு ரசிகைக்காகப் பேசினார். ரசிகை துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கியபடி கேட்டாள். இப்படி மோசமாக அவர் எந்த மேடையிலும் தோற்றதில்லை.

இந்தியாக்காரன் மகளுக்கு விசா கொடுக்க மாட்டான், இழுத்தடிப்பான் என்று கடைசி நம்பிக்கை ஒன்று வைத்திருந்தார். விசாவும் வந்து சேர்ந்தது. அவன் எதுக்கு நம்ம பிள்ளையை உள்ள விடுறான் என்று அலீமிடம் புலம்பினார். அங்கேயும் ஒரு பட்டிமன்றம் நடந்திருக்கும், உங்களை மாதிரி ஒருத்தர் ஜெயிச்சிருப்பார் என்றார் அலீம். அன்றைக்குத்தான் அவர் தலையாட்டாமல் பேசினார்.

சாங்கி விமான நிலையத்தில் இளம்பரிதி பணிவாகச் சொல்லிக்கொண்டு போனான். ரோஷினி அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அவரையும் கட்டிக்கொண்டாள், போய்விட்டாள். வேலாயுதம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். அவள், அதிகாரிக்குப் பதில் கேமரா வைத்த, குடிநுழைவுச் சோதனையின் தானியங்கி வாசலை நெருங்கினாள். யாராவது ஒரு அதிகாரி வர மாட்டாரா, அவளை ஓரமாக நிறுத்த மாட்டாரா, எங்கே போறே, எதுக்குப் போறே என்று ஒரே ஒரு கேள்வி கேட்க மாட்டாரா என்று அவர் வேண்டிக்கொண்டார். யாருமே வரவில்லை. அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, கதவு தானாகத் திறந்தது.